சொந்த மனுவில் அமெரிக்க கிரீன் கார்டு: என்ஐடபிள்யூ, இபி-1ஏ பற்றிய விவாத இழை

#1 செங்காந்தள்

வேலை தரும் நிறுவனம் இல்லாமல் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் ஐ-140 மனுக்களுக்கு (வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுக்கான குடியேற்ற மனு) மட்டும் இந்த இழை. பெர்ம் (நிறுவனம் உள்ளூர் ஆளைத் தேடிப் பார்த்துத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் லேபர் சர்டிஃபிகேஷன்) வழி கேள்விகளை இங்கே கலக்க வேண்டாம், இரண்டுக்கும் தர்க்கமே வேறு.

பாதை இரண்டு (இபி என்பது வேலைவாய்ப்பு வழிக் குடியேற்றப் பிரிவு). தன் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் தானும் ஒருவர் என்று நிரூபிப்பவருக்கு இபி-1ஏ. முதுகலைப் பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ உள்ளவர், தான் செய்யப்போகும் பணி நாட்டு நலனுக்கு உதவும் என்று காட்டி, வேலைக் கடிதத்துக்கும் லேபர் சர்டிஃபிகேஷனுக்கும் விலக்கு கேட்டால் அது இபி-2 என்ஐடபிள்யூ (நாட்டு நலன் விலக்கு). இரண்டிலும் மனுதாரரும் பயனாளியும் ஒருவரே.

வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி (நிறுவனம் வழித் தற்காலிக வேலை விசா) மனுவுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த இரண்டையும் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். கூடவே அரைகுறைத் தகவலும் பரவுகிறது. தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

#2 பொருநை

முதலில் பார்க்க வேண்டியது பிறந்த நாடு. தகுதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, கணவர், பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். இபி-1, இபி-2, இபி-3 ஒவ்வொன்றுக்கும் 28.6 சதவீதம், ஒரு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு. 2025 அக்டோபர் விசா புல்லட்டினின் (மாதந்தோறும் வரும் வரிசைப் பட்டியல்) இறுதித் தேதிகளை, அதாவது எந்தத் தேதிக்கு முன் வரிசையில் நின்றவருக்கு அட்டை கிடைக்கும் என்பதைப் பாருங்கள்: இந்தியா இபி-2 வரிசை 2013 ஏப்ரல் 1-இல் நின்றது, இந்தியா இபி-1 2022 பிப்ரவரி 15-இல்.

ஆகவே இந்தியாவில் பிறந்தவருக்கு என்ஐடபிள்யூ தருவது ஒரு பிரயாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி. அட்டை கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும். இதை மறைத்து "ஒன்றரை வருடத்தில் கிரீன் கார்டு" என்று விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்தத் தேதி சும்மா கிடக்கும் தேதி அல்ல. ஐ-140 அப்ரூவல் கையில் இருந்தால் எச்-1பியை ஆறு வருடத்துக்கு மேலும் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். எந்த நிறுவனம் வழியாகவும் நீட்டிக்கலாம், ஏனென்றால் ஐ-140 உங்களுடையது, அதை யாரும் வாபஸ் வாங்க முடியாது. எச்-4இல் (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவதுதான் பெரிய பலன்: இபி-1, 2, 3 மூன்றுக்குள்ளும் பழைய தேதியைப் புதிய மனுவுக்குக் கொண்டுபோகலாம். இன்று என்ஐடபிள்யூ அப்ரூவல் வாங்கி, மூன்று வருடம் கழித்து இபி-1ஏ அப்ரூவல் கிடைத்தால், இபி-1 வரிசையில் இன்றைய தேதியோடு நிற்பீர்கள். மோசடி, பொய்த் தகவல், அதிகாரியின் பெரிய பிழை போன்ற காரணத்தால் முதல் மனுவை ரத்து செய்தால் மட்டுமே அந்தத் தேதி போகும்.

#3 நிலவன்

நிறுவனம் போட்ட இபி-2 ஐ-140 ஏற்கெனவே 2016 தேதியோடு அப்ரூவ் ஆகியிருந்தால்? அதற்கு மேல் என்ஐடபிள்யூ போடுவதில் பயன் உண்டா?

#4 பொருநை

தேதிக்காக என்றால் இல்லை. 2016 ஏற்கெனவே உங்களுடையது. வேலையை விட்டாலும், 180 நாள் கழித்து நிறுவனம் வாபஸ் வாங்கினாலும் தேதியும் எச்-1பி நீட்டிப்பு உரிமையும் நிற்கும். அப்படிப்பட்டவர் நேராக இபி-1ஏ சான்றுகளைச் சேர்ப்பதுதான் சரி. இபி-1ஏ அப்ரூவ் ஆகும் நாளில் 2016 தேதி இந்தியா இபி-1 வரிசையில் முன்னால் போய் நிற்கும். என்ஐடபிள்யூவுக்குச் செலவிடும் பணத்தை அங்கே போடுங்கள்.

நிறுவனம் பெர்மே தொடங்கவில்லை, அல்லது அப்ரூவ் ஆகி 180 நாள் ஆவதற்குள் வேலை போகும் நிலை என்றால் கணக்கு வேறு. அங்கே என்ஐடபிள்யூ உண்மையான காப்பு.

#5 வடமராட்சி

எங்கட ஆட்களுக்கு ஒரு விசயம். வரிசையைத் தீர்மானிப்பது பிறந்த நாடு, கடவுச்சீட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப கனடாக் குடியுரிமையோ இந்தியக் குடியுரிமையோ வைத்திருந்தாலும் இலங்கைக் கணக்குத்தான், அதாவது "பிற நாடுகள்" வரிசை. 2025 அக்டோபரில் அந்த வரிசையின் இபி-2 இறுதித் தேதி 2023 டிசம்பர் 1. அப்ப இரண்டு வருடத்துக்குக் கிட்டப் பொறுக்க வேண்டியிருந்தது, ஆனால் இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மறுபக்கமும் உண்டு. இலங்கைப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளை இந்திய வரிசைக்குள் வரும். பெற்றோர் இருவரும் அந்த நாட்டில் பிறக்கவில்லை, பிள்ளை பிறந்த நேரம் அங்கே அவர்களுக்கு வசிப்பிடமும் இல்லை என்றால் பெற்றோரின் நாட்டைக் கேட்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கு. முகாமில் பல வருடம் இருந்த குடும்பத்துக்கு "வசிப்பிடம் இல்லை" என்று வாதிடுவது கடினம். அதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் ஐ-485இல் (அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்) எழுதாதீங்கோ.

இன்னொன்று, துணைவரின் பிறந்த நாட்டையும் பயன்படுத்தலாம். கணவர் மதுரையில் பிறந்தவர், மனைவி கொழும்பில் அல்லது கோலாலம்பூரில் பிறந்தவர் என்றால், இருவரும் சேர்ந்து குடியேறும்போது கணவரையும் மனைவியின் நாட்டுக் கணக்கில் சேர்க்கலாம். பிள்ளையின் பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த ஏலாது. ஐ-485 போடும்போது முகப்புக் கடிதத்தில் இதை முதல் வரியிலேயே சொல்லி, திருமணச் சான்றையும் துணைவரின் பிறப்புச் சான்றையும் முன்னால் வையுங்கோ. கவனிக்காமல் விட்டால் இந்திய வரிசை என்று நினைத்துத் திருப்பி அனுப்பி விடுவினம்.

#6 செங்காந்தள்

பொருநை அண்ணா, எண்டெவர் (என்ஐடபிள்யூ மனுவில் முன்வைக்கும் பணி) எழுதுவது பற்றிச் சொல்லுங்கள். டினையல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் உடைகிறது என்று பார்க்கிறேன்.

#7 பொருநை

ஆமாம், மனுவின் முதுகெலும்பே அதுதான்.

2016 டிசம்பரில் வந்த தனசார் வழக்குத் தீர்ப்புதான் என்ஐடபிள்யூவுக்கு இன்றைய அளவுகோல். மூன்று படி. செய்யப்போகும் பணிக்கு உள்ளபடியே மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்க வேண்டும். அதை முன்னெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எடைபோட்டால், வேலைக் கடிதம் கேட்பதைவிட விலக்குத் தருவதே நாட்டுக்கு நல்லது என்று தெரிய வேண்டும்.

அந்த வழக்கையே கவனியுங்கள். மனுதாரர் ஹைப்பர்சானிக் உந்துவிசை ஆராய்ச்சியாளர். அவருடைய ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றார்கள். அவர் மாணவர்களுக்கு அறிவியலும் பொறியியலும் கற்பிப்பது மதிப்புள்ள பணி, ஆனால் பலன் அவருடைய மாணவர்களோடு நின்றுவிடுகிறது, ஆகவே தேசிய முக்கியத்துவம் காட்டப்படவில்லை என்றார்கள். ஒரே ஆள், ஒரே மனு, இரண்டு பணிக்கு இரண்டு பதில். ஆபீசர் பார்ப்பது துறையின் முக்கியத்துவத்தை அல்ல, உங்கள் குறிப்பிட்ட பணி எவ்வளவு தூரம் பரவும் என்பதை.

ஒரு மின் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். தோற்கும் வாசகம் இப்படி இருக்கும்: "அமெரிக்காவில் மூத்த மின் பொறியாளராகப் பணியாற்றி, மின்துறை வளர்ச்சிக்குப் பங்களிப்பேன்." இது வேலை விவரம், எண்டெவர் அல்ல. இதற்குப் பின்னால் மின்துறை முக்கியம் என்று முப்பது அரசு அறிக்கைகளை அடுக்கினாலும், "துறை முக்கியம் என்பதை ஏற்கிறோம், உங்கள் பணி முக்கியம் என்று காட்டவில்லை" என்றுதான் ஆர்எஃப்இ (கூடுதல் சான்று கேட்கும் கடிதம்) வரும்.

நிற்கும் வாசகம் வேறு மாதிரி: சூரிய மின்சாரம் அதிகம் கலக்கும் விநியோகப் பாதைகளில் இன்வெர்ட்டர் தரும் பழுது மின்னோட்டம் குறைவு, அதனால் பழைய பாதுகாப்பு ரிலேக்கள் பழுதைக் கவனிக்காமல் விடுகின்றன. அந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கி, சோதித்து, அமைப்பு வழிமுறைகளை வெளியிட்டு, கிராமப்புறக் கூட்டுறவு மின் நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்வது. இதில் சிக்கல் என்ன, நீங்கள் செய்வது என்ன, அது ஒரு முதலாளியின் சுவரைத் தாண்டி எப்படிப் போகிறது என்ற மூன்றும் இருக்கின்றன. மூன்றாவது இல்லாததால்தான் ஐடி ஆட்களின் மனு பெரும்பாலும் விழுகிறது. வங்கியின் உள் மென்பொருளை எவ்வளவு திறமையாக எழுதினாலும் பலன் வங்கிக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

ரொம்பக் குறுக்கியும் விடாதீர்கள். மனு போட்ட பிறகு எண்டெவரை அடியோடு மாற்ற முடியாது. ஆர்எஃப்இ பதிலில் புதுப் பணியைச் சொன்னால், மனுவின் அடிப்படை மாறிவிட்டது என்று அதையே காரணமாக்கி மறுப்பார்கள். விளக்கலாம், விரிக்கலாம், மாற்றக் கூடாது.

இரண்டாம் படிக்குச் சான்று: இதே பணியில் ஏற்கெனவே நடந்தது என்ன. கட்டுரை, மேற்கோள், காப்புரிமை, உங்கள் முறையைச் சோதித்த நிறுவனத்தின் கடிதம், அடுத்த இரண்டு மூன்று வருடத் திட்டம். எண்டெவர் ஒரு பக்கம், பத்து வருட அனுபவம் இன்னொரு பக்கம் என்று இருந்தால் எடுபடாது.

#8 கிண்டிக்காரன்

மூன்று படிக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை: இபி-2 தகுதியே உண்டா என்பது.

நான்கு வருட பி.இ. / பி.டெக் அமெரிக்க இளங்கலைக்கு ஈடு. அதன் மேல் எம்.இ. இருந்தால் முடிந்தது. பி.இ. மட்டும் என்றால் பட்டத்துக்குப் பிறகு ஐந்து வருட, படிப்படியாகப் பொறுப்பு கூடிய அனுபவம் வேண்டும். ஐந்து வருடம் எந்த நாளிலிருந்து என்ற குழப்பத்துக்கு 2017-இல் ஒரு முடிவு வந்தது. பல்கலைக்கழகம் தரும் புரொவிஷனல் சான்றிதழில் எல்லாத் தேவைகளும் முடிந்ததாக இருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆகவே புரொவிஷனலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வருட பி.எஸ்சி / பி.காம் மட்டும் உள்ளவர் "பட்டம் + 5" வழியில் நுழைவது சிரமம். பி.எஸ்சிக்குப் பின் மூன்று வருட எம்.சி.ஏ. என்றால் பொதுவாக முதுகலை ஈடு என்றே மதிப்பீடு வருகிறது. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவர்கள் டிப்ளமோ மார்க்‌ஷீட்டையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு மூன்று வருடப் படிப்பு மட்டுமே கண்ணில் படும்.

பட்ட வழி அடைபட்டால் "அசாதாரணத் திறன்" என்ற பக்கவாசல் உண்டு. ஆறு அளவுகோலில் மூன்று: தொடர்புள்ள பட்டம் அல்லது டிப்ளமோ, பத்து வருட முழுநேர அனுபவக் கடிதம், உரிமம், திறனைக் காட்டும் சம்பளம், தொழில் சங்க உறுப்பினர், சக வல்லுநரோ அரசோ தந்த அங்கீகாரம். 2025 ஜனவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு அந்தத் திறன் உங்கள் எண்டெவரோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

அனுபவக் கடிதத்தில் எழுதுபவரின் பெயர், பதவி, முகவரி, நீங்கள் செய்த வேலையின் விவரம் எல்லாம் வேண்டும். நம் ஊர் ஐடி நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் தேதியும் பதவியும் மட்டும்தான் இருக்கும். எச்ஆர் மறுத்தால், மறுத்ததற்கான மின்னஞ்சல், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, கூட வேலை செய்த மேலாளரின் உறுதிமொழிப் பத்திரம் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

#9 தொழில்முனை

சொந்தமாகக் கம்பெனி தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பாதை நன்றாகப் பொருந்துவது அவர்களுக்குத்தான், நம்மவர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாம் படியில் நிறுவனருக்கு இயல்பான வாதம் ஒன்று இருக்கிறது. பெர்ம் என்பது உள்ளூர் ஆளைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று நிரூபிப்பது. தன் கம்பெனியில் தானே வேலை செய்யப்போகிறவர் அந்தச் சோதனையை நேர்மையாக நடத்தவே முடியாது. ஆகவே லேபர் சர்டிஃபிகேஷன் இவருக்கு நடைமுறையில் பொருந்தாது. இதைத் தெளிவாக ஒரு பத்தி எழுதுங்கள்.

முதல் படியில்தான் அடி வாங்குவார்கள். "ஐந்தாம் ஆண்டில் 40 பேருக்கு வேலை, 80 லட்சம் டாலர் வருமானம்" என்று பிசினஸ் பிளானில் அட்டவணை இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது இருக்காது. எத்தனை வாடிக்கையாளர், ஒருவருக்கு எவ்வளவு விலை, இன்று கையில் உள்ள ஒப்பந்தம் எத்தனை, ஒரு பொறியாளர் எத்தனை வாடிக்கையாளரைத் தாங்குவார் என்று அடியிலிருந்து கட்டினால்தான் அது சான்று. சும்மா வளைகோடு வரைந்தால் அது ஆசை. வேலை உருவாக்கம் மட்டுமே வாதம் என்றால், அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவா என்ற கேள்வியும் வரும். உணவகம், டிரக்கிங், ஐடி ஆள் அனுப்பும் கன்சல்டிங் ஆகியவை பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. புதிய தொழில்நுட்பத்தையோ மற்றவர்களும் பின்பற்றும் முறையையோ கொண்டுவரும் கம்பெனிக்கு வாய்ப்பு அதிகம்.

வலுவான சான்றுகள்: கம்பெனி பதிவும் பங்கு உரிமைப் பட்டியலும், முதலீட்டு ஒப்பந்தமும் பணம் வந்த வங்கி அறிக்கையும், இன்குபேட்டர் அல்லது ஆக்சிலரேட்டரில் இடம் கிடைத்த கடிதம், அரசு மானியம், காப்புரிமை, வாடிக்கையாளர் ஒப்பந்தம். வெறும் "ஆர்வம் உண்டு" கடிதத்தைவிட, ஒரு சின்ன பைலட் ஆர்டரின் இன்வாய்ஸ் மேல்.

எச்-1பியில் இருந்துகொண்டு பங்குதாரராக இருப்பது பிரச்சினை இல்லை. அந்தக் கம்பெனிக்காக உட்கார்ந்து வேலை செய்வது அனுமதியில்லாத வேலை. 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பெரும்பங்கு உரிமையாளருக்கே அவர் கம்பெனி எச்-1பி போடலாம், முதல் அனுமதியும் முதல் நீட்டிப்பும் 18 மாதம் வீதம். மனுவில் "கடந்த ஒரு வருடமாக நானே கோட் எழுதி விற்றேன்" என்று பெருமையாக எழுதி, எந்த அனுமதியில் என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்பது ஐ-485இல் வினையாகும்.

#10 நிலவன்

பரிந்துரைக் கடிதம் எத்தனை வேண்டும்?

#11 மணற்கேணி

ஐந்து நல்ல கடிதம் பதினைந்து சுமாரான கடிதத்தைவிட மேல். பாதியாவது உங்களோடு வேலை செய்யாத, உங்கள் பணியைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வர வேண்டும். "மிகச் சிறந்த நிபுணர்" என்பது எதையும் சொல்லவில்லை. "இவருடைய முறையை எங்கள் ஆய்வகத்தில் இந்த மாதம் முதல் இதற்காகப் பயன்படுத்துகிறோம், அதனால் இது மாறியது" என்பதுதான் சான்று. ஐந்து கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் ஒரே கை எழுதியது என்று ஆபீசருக்குத் தெரியும், மறுப்பில் அதை எடுத்தும் எழுதுகிறார்கள். குறிப்புகளை மட்டும் கொடுத்து, அவரவர் நடையில் எழுதச் சொல்லுங்கள்.

இபி-1ஏ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து அளவுகோலில் குறைந்தது மூன்று, அதன்பின் ஒட்டுமொத்தமாக "உச்சியில் உள்ள சிலரில் ஒருவரா" என்ற இறுதி மதிப்பீடு. 2010 கசேரியன் தீர்ப்பை ஒட்டி வந்த இரண்டு கட்ட முறை இது. மூன்றைத் தாண்டிவிட்டோம் என்று கொண்டாடுபவர்கள் இரண்டாம் கட்டத்தில் விழுகிறார்கள்.

தொழில்துறை ஆட்கள் பெரும்பாலும் தொடும் நான்கு: பிறர் பணியை மதிப்பிடுதல், துறையில் பெரிய தாக்கம் கொண்ட சொந்தப் பங்களிப்பு, புகழ்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம். மதிப்பிடுதலுக்கு அழைப்பு மின்னஞ்சல் போதாது, மதிப்பிட்டு முடித்த சான்று வேண்டும். சம்பளத்துக்கு அதே தொழில், அதே நகர்ப்பகுதிக்கான அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை எண்ணோடு ஒப்பிடுங்கள். சென்னையில் வாங்கிய சம்பளத்தை இந்தியத் தரவோடுதான் ஒப்பிட வேண்டும், டாலராக மாற்றி அமெரிக்க எண்ணோடு வைத்தால் கேலிக்கூத்தாகும். உறுப்பினர் அளவுகோலுக்கு ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) ஃபெல்லோ என்பது வழிகாட்டுதலிலேயே உதாரணமாக இருக்கிறது. சீனியர் மெம்பரை அப்படி நம்ப முடியாது, அனுபவ வருடமும் படிவமும் வைத்துச் சேருவதாகவே பார்க்கிறார்கள்.

பங்களிப்பு அளவுகோல்தான் இறுதி மதிப்பீட்டையும் தூக்கி நிறுத்துவது. காப்புரிமை கிடைத்தது என்பது புதுமைக்குச் சான்று, தாக்கத்துக்கு அல்ல. அதை யார் உரிமம் எடுத்தார்கள், எந்தப் பொருளில் ஓடுகிறது, திறந்த மூல மென்பொருள் என்றால் வெளி நிறுவனங்களில் எவை அதைச் சார்ந்திருக்கின்றன என்று காட்ட வேண்டும்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். பணம் கட்டினால் கிடைக்கும் விருது, பணம் கட்டினால் வரும் "நடுவர்" பதவி, ஒரே வாரத்தில் வெளியாகும் இதழ்க் கட்டுரை, விலைக்கு வாங்கும் மேற்கோள் எல்லாம் பொட்டலமாக விற்கப்படுகின்றன. வாங்காதீர்கள். மறுப்பு வந்தால் திரும்பப் போடலாம். பொய் சொல்லிப் பலன் தேடினார் என்று ஒரு முடிவு பதிவானால் அது வாழ்நாள் தடை, இனி எந்த விசாவுக்குப் போனாலும் முன்னால் வந்து நிற்கும்.

#12 கோப்புக்காரர்

இனி கோப்பு வேலை.

ஐ-140 கட்டணம் 715 டாலர். கூடவே அசைலம் புரோகிராம் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, சாதாரண நிறுவனத்துக்கு 600, சொந்த மனுதாரருக்கு 300. இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், ஒரே தொகையாக 1,015 என்று போட்டால் திரும்பி வரலாம். பிரீமியம் (விரைவுப் பரிசீலனை) வேண்டுமென்றால் ஐ-907 படிவம், 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். காகிதக் காசோலை 2025 அக்டோபர் 28 முதல் எடுப்பதில்லை. வங்கிக் கார்டில் கட்ட ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஜி-1650. வங்கிக் கார்டின் ஒருநாள் வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வையுங்கள், பணம் எடுபடாவிட்டால் முழுப் பொட்டலமும் திரும்பும், தேதியும் போகும்.

என்ஐடபிள்யூவுக்கு மட்டும் தொழிலாளர் துறைப் படிவம் இடிஏ-9089இன் அப்பெண்டிக்ஸ் ஏவும் ஃபைனல் டிடர்மினேஷன் படிவமும் நிரப்பிக் கையெழுத்திட்டுச் சேர்க்க வேண்டும். தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டாம், ஐ-140 உடனேயே போகும். பழைய வழிகாட்டிகளில் உள்ள இடிஏ-750பி காலாவதியானது.

இபி-1ஏவும் என்ஐடபிள்யூவும் போடுவதாக இருந்தால் இரண்டு தனி மனு, இரண்டு கட்டணம். ஒரே படிவத்தில் இரண்டு வகையை டிக் செய்யக் கூடாது.

படிவத்தின் எல்லாப் பக்கத்திலும் ஒரே பதிப்புத் தேதி இருக்கிறதா பாருங்கள். கையெழுத்து மையில் இட வேண்டும் (அதன் ஸ்கேன் நகல் பரவாயில்லை), தட்டச்சு செய்த பெயர் செல்லாது. பொட்டலத்தை ஸ்கேன் செய்வார்கள், ஆகவே பைண்டிங், ஸ்டேப்ளர், துளை, பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம். லெட்டர் அளவுத் தாள், ஏ4 அல்ல. அனுப்பும் முகவரி பிரீமியம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாநிலத்தைப் பொறுத்தும் மாறும், அனுப்பும் அன்று காலை மறுபடி சரிபாருங்கள்.

ஐ-140இன் நான்காம் பகுதியில் "தூதரகமா, அமெரிக்காவுக்குள்ளேயே ஐ-485ஆ" என்று கேட்பார்கள். ஐ-485 என்று டிக் செய்துவிட்டுப் பிறகு ஊருக்குப் போய்விட்டால், கோப்பைத் தேசிய விசா மையத்துக்கு மாற்ற ஐ-824 போட்டுப் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

#13 நிலவன்

பிரீமியம் கட்டுவது எல்லாருக்கும் நல்லதுதானே?

#14 கோப்புக்காரர்

பெரும்பாலும் தேவையில்லை. தேதி கிடைப்பது மனு போய்ச் சேரும் நாளில், அப்ரூவல் நாளில் அல்ல. எச்-1பி ஆறாம் வருடம் முடியப்போகிறவர், துணைவரின் எச்-4 வேலை அனுமதி உடனே தேவைப்படுபவர் கட்டட்டும். இபி-1ஏவுக்கு 15 வேலைநாள், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலைநாள். அதற்குள் அப்ரூவல் என்று உத்தரவாதம் இல்லை, ஆர்எஃப்இ வந்தாலும் அவர்கள் கடமை முடிந்தது, பதில் போன பிறகு புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். சாதாரணமாகப் போட்டுவிட்டுப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஐ-907 சேர்க்கலாம்.

#15 மணற்கேணி

இங்கே மாறுபடுகிறேன். வருடக்கணக்கில் முடிவு தெரியாமல் இருப்பதற்கும் விலை உண்டு. மறுப்பு என்றால் அது சீக்கிரம் தெரிவது நல்லது, சான்றைச் சேர்த்து அடுத்த மனுவைப் போடலாம். மனு போட்ட நாளில் இருந்த தகுதியைத்தான் பார்ப்பார்கள், அதற்குப் பின் வந்த கட்டுரையும் மேற்கோளும் அந்த மனுவில் எண்ணப்படாது. நிலுவையில் கிடக்கும் மனு வளராது.

#16 கோப்புக்காரர்

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 21 வயதை நெருங்கும் பிள்ளை உள்ளவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். பிரீமியத்தில் இரண்டு மாதத்தில் அப்ரூவ் ஆனால் கழிவது இரண்டு மாதம்தான். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் ஐ-485களுக்கு இறுதித் தேதி அட்டவணையை வைத்தே இந்த வயதைக் கணக்கிடுகிறார்கள், ஆகவே இடம் இன்னும் குறுகிவிட்டது. பிற நாடுகள் வரிசையில், பிள்ளைக்கு 19 வயது என்றால் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரீமியம் கட்டுங்கள்.

#17 செங்காந்தள்

ஆர்எஃப்இ வந்தால்?

#18 பொருநை

அதிகபட்சம் 84 நாள், தபாலுக்கு மூன்று நாள் கூடுதல். ஒரே ஒரு முறை, ஒரே பொட்டலமாகப் பதில் அனுப்ப வேண்டும், பாதியை இப்போது மீதியைப் பிறகு என்பது கிடையாது. ஆர்எஃப்இயின் பெரும்பகுதி எல்லாருக்கும் ஒட்டும் வார்ப்பு வாசகமாக இருக்கும். அதற்குள் உங்கள் பெயர், உங்கள் ஆவணத்தின் பெயர் வரும் பத்திகளைத் தேடிக் குறியிடுங்கள். ஆபீசர் உண்மையில் கேட்பது அங்கேதான் இருக்கிறது. மறுப்பு வந்தால் ஐ-290பி வழியாக 30 நாளுக்குள் மறுபரிசீலனை அல்லது மேல்முறையீடு. சட்டப் பிழை தெளிவாக இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். சான்று போதாமல் மறுத்தால், புது மனுவே மேல்.

#19 வடமராட்சி

ஐ-485க்கும் தூதரகத்துக்கும் பிறப்புச் சான்று வேணும் என்பதால் இப்பவே தேடத் தொடங்குங்கோ. கண்டி, யாழ் சான்றிதழ் என்றால் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்க்க வேணும். முத்திரையில் உள்ள எழுத்தையும் விடக் கூடாது.

#20 கிண்டிக்காரன்

தமிழ்நாட்டுச் சான்றில் மூன்று சிக்கல். பழைய சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, அதைப் பதிவாளரிடம் சேர்த்து வாங்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குப் பின் பதிந்தது என்றால் பள்ளிச் சான்றும் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் இரண்டு உறுதிமொழிப் பத்திரமும் துணைக்கு வையுங்கள். பதிவே இல்லையென்றால் பதிவு இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும்.

மூன்றாவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் "எஸ். குமார்", பாஸ்போர்ட்டில் "குமார் சுப்பிரமணியன்", பட்டத்தில் "குமார் எஸ்" என்றிருக்கும். நமக்கு ஒரே ஆள், ஆபீசருக்கு மூன்று ஆள். எல்லாம் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஐ-140இல் பிற பெயர்கள் கேட்கும் இடத்தில் எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் இப்போதே பிரித்து மாற்றிவிடுவது நல்லது.

#21 நிலவன்

ஜே-1இல் (பரிமாற்றத் திட்ட விசா) வந்த மருத்துவர், ஆராய்ச்சியாளர்களுக்கு என்ஐடபிள்யூ கிடைத்தால் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை நீங்கிவிடுமா? எஃப்-1 மாணவர்கள் போடலாமா?

#22 பொருநை

நீங்காது. விலக்கு என்ற சொல் இரண்டிலும் வருவதால் கலந்துவிடுகிறார்கள். ஐ-140 அப்ரூவ் ஆகும், ஆனால் இரண்டு வருட நிபந்தனை உள்ளவர் அதை நிறைவேற்றும் வரை, அல்லது அதற்கான தனி விலக்கு வாங்கும் வரை ஐ-485 போட முடியாது.

எஃப்-1இல் போடத் தடையில்லை. ஆனால் ஐ-140 என்பது இங்கேயே தங்கும் எண்ணத்தின் பதிவு. எச்-1பி, எல்-1க்கு (நிறுவனத்துக்குள் இடமாற்ற விசா) அது இடையூறு அல்ல, எஃப்-1, பி-1/பி-2க்கு (வருகையாளர் விசா) இடையூறு. அதன்பின் விசா முத்திரைக்கு ஊருக்குப் போனால் மறுக்க வாய்ப்பு அதிகம். டிஎஸ்-160இல் (விசா விண்ணப்பப் படிவம்) "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்ற கேள்விக்கு, போட்டது நீங்களே என்றாலும், மறுக்கப்பட்டிருந்தாலும், பதில் "ஆம்" தான். ஆகவே எஃப்-1 மாணவர் முதலில் விசா முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டு வந்து, பயணங்களை முடித்துவிட்டு, அதன் பிறகு மனுவை அனுப்பட்டும்.